மனச்சாட்சி முன்னே நடக்கட்டும்!

மனச்சாட்சி என்ற சொல்லைப்போல மலிவாக அடிபடும் சொல் வேறொன்று நாட்டிலே இல்லை. கட்சி மாறுகிறவர் மனச்சாட்சியின் பேரால் மாறுகிறார். மாறாதவர் மனச்சாட்சியின் பேரால் நிற்கிறார். கள்ளச் சந்தைக்காரனும் அதன் மேல் ஆணையிடுகிறான், கலப்படக்காரனும் ஆணையிடுகிறான். குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பவன்கூட, என் மனச்சாட்சிக்கு விரோதமாக நான் எதுவும் செய்யவில்லை என்றுதான் சொல்கிறான்!

எல்லோரிடமும் அது இருக்கிறது, எல்லோரும் அதன் சொற்படியே நடக்கிறார்கள் என்றால், உலகிலே இத்தனை அநீதி எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து இறங்கி வந்ததா?

இந்தக் கேள்விக்கு விடை காணாமல், "மனச்சாட்சியே மனிதனுக்கு வழிகாட்டி" என்று மேடையில் முழங்குவதில் பொருளில்லை. வழிகாட்டி என்பவன் யார்? முன்னே நடப்பவன். பள்ளம் வருமுன் பள்ளம் இருக்கிறது என்று எச்சரிப்பவன். நாம் விழுந்தபிறகு வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிறவன் நல்ல உறவினனாக இருக்கலாம், வழிகாட்டி ஆகமாட்டான். நம்மில் பலருடைய மனச்சாட்சி அழுவதற்கு வருகிற மனச்சாட்சி. தடுப்பதற்கு வருகிற மனச்சாட்சி சிலரிடமே இருக்கிறது. இந்த வேறுபாடு எதனால் ஏற்படுகிறது என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

அனுமதி பெற்ற மனச்சாட்சி

1969 ஆகஸ்டில் இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. எதிர்த்து நின்றவர் வி. வி. கிரி. கட்சிக்காரர்கள் மனச்சாட்சிப்படி வாக்களிக்கலாம் என்று பிரதமர் இந்திரா காந்தி அறிவித்தார். கிரி வென்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. மனச்சாட்சி என்ற சொல் அன்று பத்திரிகைகளிலெல்லாம் கொட்டை எழுத்தில் ஏறியது.

அந்தத் தேர்தலின் நியாய அநியாயத்தை அலச நாம் இங்கே முற்படவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டுகிறோம். குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கு இரகசிய வாக்கு. மனச்சாட்சிப்படி நடக்கலாம் என்று சொன்னவரோ நாட்டின் பிரதமர். அதிகாரத்தின் அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, திரைமறைவிலே பேசுகிற மனச்சாட்சிக்குச் சோதனை ஏது? அதிகாரம் 'செய்' என்று ஆணையிடும்போது, பட்டப்பகலில், பத்துப்பேர் முன்னிலையில், 'செய்யமாட்டேன், செய்யவும் விடமாட்டேன்' என்று சொல்ல நேரும்போதல்லவா அது தேறுமா தேறாதா என்பது தெரியும்!

அப்படியொரு சோதனையில் தேறியவர்களின் கதை அதே 1969-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவரத் தொடங்கியது. அது நடந்ததோ அதற்கும் இருபது மாதங்களுக்கு முன்பு, வியட்நாமில்.

மைலாயில் ஒரு காலை

1968 மார்ச் 16. தென் வியட்நாமில் குவாங் ஙாய் மாகாணம், சொன் மை கிராமம். அதன் குக்கிராமம் ஒன்றை அமெரிக்க இராணுவம் தன் வரைபடத்தில் மைலாய் என்று குறித்திருந்தது. காலை ஏழரை மணியளவில் சார்லி கம்பெனி என்ற படைப்பிரிவு ஹெலிகாப்டர்களில் வந்திறங்கியது. அங்கே வியட்காங் படை பதுங்கியிருப்பதாக அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. இறங்கினார்கள். எதிரே எந்தப் படையும் இல்லை. அவர்கள்மீது ஒரு குண்டும் பாயவில்லை. அங்கே இருந்தவர்கள் கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். பலர் காலைச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த நேரம்.

அடுத்த சில மணி நேரத்தில் அந்த ஊர் சுடுகாடாயிற்று. குடிசைகளுக்கு நெருப்பு. கிணறுகளிலே நஞ்சு. பெண்களுக்கு நேர்ந்ததை எழுதக் கை கூசுகிறது. ஊரின் கிழக்கே ஒரு பாசன வாய்க்கால். மக்களைக் கூட்டம் கூட்டமாக ஓட்டிக்கொண்டு வந்து அதற்குள் தள்ளிச் சுட்டார்கள். இறந்தவர் தொகை 504 என்று அந்த ஊரின் நினைவுச் சின்னம் சொல்கிறது. அமெரிக்க இராணுவம் தன் விசாரணையில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை 347.

ஆனால் அன்று மேலிடத்துக்குப் போன அறிக்கை என்ன சொல்லிற்று? 128 எதிரிகள் கொல்லப்பட்டனர். 3 ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன! 128 பேரிடம் 3 ஆயுதங்கள்தானா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாராட்டுச் செய்தி வந்து சேர்ந்தது. இராணுவப் பத்திரிகை வெற்றிச் செய்தி வெளியிட்டது.

வானத்திலிருந்து வந்த மனிதன்

அந்த வெறியாட்டத்துக்கு மேலே ஒரு சிறு ஹெலிகாப்டர் வட்டமிட்டுக்கொண்டிருந்தது. எதிரி எங்கே என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. ஓட்டியவர் ஹியூ தாம்ப்சன், வயது 24. உடன் இருந்தவர்கள் கிளென் ஆண்ட்ரியோட்டா, வயது 20. லாரன்ஸ் கோல்பர்ன், வயது 18.

தாம்ப்சன் எதிரியைத் தேடினார், காணவில்லை. காயம்பட்ட கிராமத்தார் வயலிலே கிடப்பதைக் கண்டார். மருத்துவ உதவி வரட்டும் என்று, அவர்கள் கிடந்த இடத்தைப் புகைக்குண்டு போட்டு அடையாளம் காட்டினார். ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார். அடையாளம் காட்டப்பட்டவர்கள் பிணமாகக் கிடந்தார்கள்!

வாய்க்காலைக் கண்டார். உள்ளே உடல்கள்; சில இன்னும் அசைந்தன. இத்தனை பேர் எப்படி இந்த வாய்க்காலுக்குள் வந்தார்கள் என்ற கேள்வி அவருக்குள் எழுந்தது. பீரங்கிக் குண்டு விழுந்திருக்கலாம், சண்டையில் சிக்கியிருக்கலாம் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஒரு சமாதானமும் நிற்கவில்லை. கீழே இறங்கி, இவர்களுக்கு உதவக்கூடாதா என்று கேட்டார். அங்கே நின்ற அதிகாரி, தரையிலே நடப்பது தம் பொறுப்பு, தாம் கட்டளையை நிறைவேற்றுவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். ஹெலிகாப்டர் மேலெழுந்தது, வாய்க்காலை நோக்கித் துப்பாக்கிகள் மறுபடியும் பேசின.

அப்போது இன்னொரு காட்சி கண்ணில் பட்டது. ஒரு பதுங்கு குழியை நோக்கிச் சிலர் ஓடுகிறார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் துரத்துகிறார்கள். தாம்ப்சன் இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். தம் கூட்டாளிகள் இருவரையும் பார்த்து, நான் இந்த மக்களை வெளியே கொண்டுவரப் போகிறேன், நம்மவர்கள் இவர்களையோ என்னையோ சுட்டால், நம்மவர்கள் மீதே சுடுங்கள் என்று சொல்லிவிட்டு, பதுங்கு குழியை நோக்கித் தனியாக நடந்தார்.

எதிரே நின்றவர்கள் அவருடைய நாட்டார், அவருடைய கொடி, அவருடைய சீருடை. அங்கே நின்ற லெப்டினன்ட், பதவியில் அவருக்கு மேற்பட்டவர். குழிக்குள் இருந்தவர்களோ, பெயர் தெரியாத, மொழி புரியாத ஏழைகள். அவர்களை ஒவ்வொருவராக வெளியே அழைத்தார். துணைக்குப் பறந்துகொண்டிருந்த ஹெலிகாப்டர்களைக் கீழே வரவழைத்து, ஏறத்தாழப் பத்துப் பேரைப் பத்திரமான இடத்துக்கு அனுப்பினார். பிறகு வாய்க்காலுக்குத் திரும்பினார். ஆண்ட்ரியோட்டா பிணங்களுக்கிடையே இறங்கி, இரத்தத்தில் தோய்ந்த ஒரு குழந்தையை உயிரோடு தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, தளத்துக்குப் போய், கண்டதையெல்லாம் கொதித்துக் கொட்டினார் தாம்ப்சன். அந்தப் புகாருக்குப் பிறகே சுடுவதை நிறுத்தும்படி கட்டளை வந்தது.

ஒரே வயது, இரண்டு வழி

நிற்க. வாய்க்கால் கரையில் நின்று கட்டளையைப் பற்றிப் பேசிய அதிகாரி வில்லியம் கேல்லி. அவரும் தாம்ப்சனும் ஒரே ஆண்டில், 1943-இல், பிறந்தவர்கள். ஒரே நாடு. ஒரே இராணுவம். ஒரே காலை. ஒரே வாய்க்கால். ஒருவர் அதை நிரப்பினார். மற்றவர் அதிலிருந்து மீட்டார். ஒருவருக்கு மனச்சாட்சி இருந்தது, மற்றவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. உண்மை அவ்வளவு எளிதன்று.

பின்னர் இராணுவ நீதிமன்றத்தில் கேல்லி சொன்ன சாட்சியம் படிக்கத்தக்கது. எதிரியை அழிக்கும்படி தமக்குக் கட்டளை என்றார். ஆண், பெண், குழந்தை என்று தாம் பிரித்துப் பார்க்கவில்லை, எல்லோரும் எதிரி என்ற ஒரே வகையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்றார். அந்த நேரத்தில் தாம் செய்தது தவறென்று அவருக்குத் தோன்றவில்லை.

வகை! இந்த ஒரு சொல்லில் இருக்கிறது சூட்சுமம். மனச்சாட்சியைக் கொல்லவேண்டிய அவசியமே இல்லை. அதன் கண்ணைக் கட்டிவிட்டால் போதும். மனிதனுக்கு மனிதன் என்ற பெயரை எடுத்துவிட்டு வேறொரு பெயரைச் சூட்டிவிடு. பிறகு அவனுக்கு எது நேர்ந்தாலும் மனச்சாட்சி உறங்கும். தாம்ப்சன் கண்டது ஒரு கிழவரை, ஒரு பெண்ணை, ஒரு குழந்தையை. கேல்லி கண்டதோ ஒரு வகையை. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அந்த வேறுபாட்டில்தான் 504 உயிர்கள் போயின.

அமெரிக்காவை நோக்கி விரல் நீட்டுவது எளிது. அதே 1968-இல், டிசம்பர் 25 இரவு, நம் தஞ்சைத் தரணியில், கீழவெண்மணியில் நடந்தது என்ன? கூலி உயர்வு கேட்டுப் போராடிய தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், உயிருக்குப் பயந்து ஒரே குடிசையில் புகுந்தார்கள், குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973-இல் உயர்நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. அங்கே 'எதிரி' என்ற வகை. இங்கே 'சாதி' என்ற வகை. கிணற்றுக்கு வராதே, செருப்புப் போடாதே, எதிரே நிற்காதே என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னவர்களெல்லாம் இரவிலே நிம்மதியாகத் தூங்கினார்கள் அல்லவா? அவர்கள் பூசையில் குறைவா, தானத்தில் குறைவா? மனச்சாட்சி அவர்களை உறுத்தவில்லை. ஏனென்றால், யாரிடத்தில் அது உறுத்தவேண்டுமோ, அவர்கள் மனிதர் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை.

ஆகவே, என் மனச்சாட்சி உறுத்தவில்லை என்பது குற்றமற்றவன் என்பதற்குச் சான்று ஆகாது. கட்டிய கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்தச் செயல் யார் தலையில் விழுகிறதோ அவன் முகத்தை நேராகப் பார்த்தபிறகும் உறுத்தவில்லையா என்பதே கேள்வி.

கட்டளை என்ற கவசம்

கட்டளைப்படி செய்தேன் என்பது பழைய கவசம். 1945, 1946-ஆம் ஆண்டுகளில் நூரம்பர்க் நகரில் ஜெர்மன் நாஜித் தலைவர்களை விசாரித்தபோது, கட்டளை என்று சொல்லிக் கொலைப்பழியிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளில் அமெரிக்க நீதிபதிகளும் இருந்தனர்! பிறருக்கு எழுதிய தீர்ப்பு தமக்கு வந்தபோது என்ன ஆயிற்று?

முதலில் மூடி மறைத்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக உலகத்துக்குச் சேதி தெரியவில்லை. சார்லி கம்பெனியிலே சுட மறுத்த சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களை நாம் போற்றுகிறோம். தம் கையில் இரத்தம் படாமல் காத்துக்கொண்டார்கள். ஆனால் அடுத்தவன் கையை அவர்களால் தடுக்க முடியவில்லை. மனச்சாட்சியின் முதற்படி 'செய்யமாட்டேன்'. அடுத்த படி 'செய்யவிடமாட்டேன்'. முதற்படியோடு நின்றால் நாம் தப்பலாம். வாய்க்காலில் கிடப்பவன் தப்பமாட்டான்.

ரான் ரைடனவர் என்ற இளைஞர் அன்று மைலாயில் இல்லவே இல்லை. நண்பர்கள் வாயிலாகக் கேள்விப்பட்டார். அதோடு விட்டிருக்கலாம், நமக்கேன் வம்பு என்று வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ விவரங்களைச் சேர்த்தார். படையிலிருந்து விடுபட்டபின், 1969 மார்ச்சில், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே விசாரணைக்கு வித்து. நவம்பரில் செய்தியாளர் செய்மூர் ஹெர்ஷ் எழுதினார். படையோடு சென்றிருந்த படப்பிடிப்பாளர் ரொனால்ட் ஹேபர்லி எடுத்த படங்களும் பத்திரிகையில் வந்தன. அதன்பிறகு மறைக்க வழியில்லை.

1971 மார்ச்சில் கேல்லி, 22 பேரைக் கொன்ற குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று, ஆயுள் தண்டனை. உடனே ஜனாதிபதி நிக்சன் அவரைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றச் சொன்னார். தண்டனை 20 ஆண்டாயிற்று. பிறகு 10 ஆண்டாயிற்று. 1974-இல் கேல்லி வெளியே வந்துவிட்டார். அத்தனை பேர் செய்த கொலைக்குத் தண்டனை பெற்றவர் அந்த ஒருவர்தான். மேலே இருந்தவர்கள் மேலேயே இருந்தார்கள்!

ஊர் சொன்னது வேறு

ஊரார் என்ன சொன்னார்கள்? அமெரிக்க மக்களில் பெரும்பான்மையோர் தீர்ப்பை எதிர்த்தார்கள். கேல்லியைப் புகழ்ந்து இசைத்தட்டு வந்தது. பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. தாம்ப்சனுக்கோ மிரட்டல் வந்தது. செத்த பிராணிகளை அவர் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். முன்பே அவருக்கு ஒரு பதக்கம் தரப்பட்டிருந்தது. இருதரப்புச் சண்டைக்கு நடுவே குழந்தையைக் காத்தார் என்று அதன் சான்றிதழில் எழுதியிருந்தார்கள். நடக்காத சண்டையை நடந்ததாகச் சொன்ன அந்தத் தாளை அவர் வீசியெறிந்தார்.

பொதுமக்கள் கருத்தும் மனச்சாட்சியும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாக எது காட்டும்? பலர் கூடிச் சொல்வதால் பொய் மெய்யாகிவிடாது; ஒருவர் தனித்துச் சொல்வதால் மெய் பொய்யாகிவிடாது. ஆனால் ஒருவரே தனித்து நிற்பதைக் கொண்டும் அவர் சொல்வது நியாயம் என்று முடிவு கட்டக்கூடாது. பிடிவாதக்காரனும் தனித்துத்தான் நிற்பான். அவன் யாருக்காக நிற்கிறான் என்று பாருங்கள். தனக்காகவா? தன்னைவிட எளியவனுக்காகவா? போலியையும் அசலையும் பிரித்துக் காட்டும் உரைகல் இதுவே.

முப்பதாண்டு கழித்து, 1998 மார்ச் 6 அன்று, வாஷிங்டனில் வியட்நாம் போர் நினைவுச் சின்னத்தின் முன்னே மூவருக்கும் வீரப் பதக்கம் வழங்கினார்கள். ஆண்ட்ரியோட்டா அதைப் பெற உயிரோடு இல்லை. மைலாய் நடந்த மூன்று வாரத்தில் அவர் போரிலே மாண்டுவிட்டார். சந்தடியில்லாமல் பதக்கத்தைக் கொடுத்து முடித்துவிட இராணுவம் நினைத்தது. பொதுமக்கள் முன்னிலையில், தம் கூட்டாளிகளுக்கும் சேர்த்துத் தரவேண்டும் என்று தாம்ப்சன் வற்புறுத்தினார்.

அந்த மாதமே அவரும் கோல்பர்னும் சொன் மை சென்றார்கள். உயிர் பிழைத்த ஒரு பெண் அவரிடம், சுட்டவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை, வந்திருந்தால் மன்னித்திருப்போமே என்று கேட்டாளாம். தம்மால் அப்படி மன்னிக்க முடியவில்லை என்று தாம்ப்சன் பின்னர் சொன்னார். 2006-இல் அவர் மறைந்தார்.

கேல்லியின் மனச்சாட்சியும் ஒருநாள் விழித்தது. 2009 ஆகஸ்டில், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சங்கக் கூட்டத்தில், அந்த நாளை எண்ணி வருந்தாத நாளில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். நாற்பத்தோர் ஆண்டு கழித்து! வருந்தினாரே என்று நாம் குறை சொல்லவில்லை. ஆனால் 1968-ஆம் ஆண்டின் அந்தக் காலையில், அரைமணி நேரம் முன்னே வந்திருக்கவேண்டிய மனச்சாட்சி அது. 2024-இல் அவரும் இறந்தார். வாய்க்காலில் கிடந்தவர்களுக்கு அந்த மன்னிப்பு எட்டவில்லை.

நம் வீட்டு வாய்க்கால்

வாசகர்களே! நம்மில் யாரும் நாளை மைலாயில் நிற்கப்போவதில்லை. ஆனால் 'கட்டளை', 'வழக்கம்', 'எல்லோரும் செய்வதுதானே' என்ற மூன்று குரல்களும் நம் காதிலும் நாள்தோறும் விழுகின்றன. முதியோர் உதவித்தொகைக்கு வந்த மூதாட்டியை நாளை வா, நாளை வா என்று விரட்டும் குமாஸ்தாவுக்கு அவள் ஒரு மனு. ரேஷன் கடையிலே எடையைக் குறைப்பவனுக்கு வரிசையில் நிற்பவள் ஓர் அட்டை. பாதாளச் சாக்கடைக்குள் கயிறு கட்டி ஆளை இறக்கும் காண்டிராக்டருக்கு அவன் ஒரு கூலி. மனிதனை இவ்வாறு கைகொண்டு இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. அதற்குப் பின்னும் விஷவாயு தாக்கி ஆட்கள் மடிந்துகொண்டே இருக்கிறார்கள். இறக்கிவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் மனச்சாட்சி இருக்கிறது!

தாம்ப்சன் ஞானியல்ல, தத்துவம் படித்தவருமல்ல. நல்லது கெட்டது சொல்லித் தன்னை வளர்த்தவர்கள் பெற்றோர் என்றுதான் அவர் காரணம் சொன்னார். அந்தச் சிறிய பாடம், பெரிய சோதனை வந்தபோது கைகொடுத்தது. மனச்சாட்சி பிறவியிலேயே முற்றி வருவதல்ல; பழக்கத்தால் கூர்மையாவது; பழக்கத்தால் மழுங்குவதும்கூட. பத்து ரூபாய்க்கு மழுங்கவிட்டவன், பத்துயிர் கேட்கும்போது அது கூர்மையாக இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

ஆகவே, பிள்ளைகளுக்கு 'சொன்னதைச் செய்' என்று மட்டும் கற்பிக்காதீர்கள். 'இது யார் தலையில் விழும்?' என்று கேட்கவும் கற்பியுங்கள். கையெழுத்துப் போடுமுன் கேட்கட்டும், கல்லெடுக்குமுன் கேட்கட்டும், வாக்குக்குப் பணம் வாங்குமுன் கேட்கட்டும். தலைவர் சொன்னாலும் கேட்கட்டும். கட்சி சொன்னாலும் கேட்கட்டும். ஆம், நம் கட்சி சொன்னாலுந்தான்! கேள்விக்கு அஞ்சுகிற கட்டளை நல்ல கட்டளையாக இருக்க முடியாது.

அழுவதற்கு வரும் மனச்சாட்சி உலகத்தில் நிறைய இருக்கிறது. தடுப்பதற்கு வரும் மனச்சாட்சிதான் தேவை. அது பின்னே வரவேண்டாம், முன்னே நடக்கட்டும்!